வெளியே ஒரு முகம், வண்டிக்குள் ஒரு முகம்: ஆக்டிங் டிரைவர் ஒருவன் பார்த்தது

நான் சென்னையில் பல வருஷம் ஆக்டிங் டிரைவராக ஓட்டினவன். சொந்தமாக வண்டி வைத்திருப்பார்கள், அன்றைக்கு ஓட்ட முடியாது அல்லது ஓட்டப் பிடிக்காது, அந்த மாதிரி ஆட்கள் கூப்பிடுவார்கள். நாலு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று பேக்கேஜ். ராத்திரி லேட்டானால் தனிக் காசு. வெளியூர் என்றால் பேட்டா. போனதும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, எங்கெங்கே ஏற்கெனவே கோடு விழுந்திருக்கிறது, எங்கே நசுங்கியிருக்கிறது என்று ஓனரிடமே காட்டிவிடுவேன். இல்லாவிட்டால் சாயங்காலம் அது நம் தலையில் விழும். அப்புறம் சீட்டை நம் காலுக்குத் தகுந்தபடி இழுத்து, கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பர்மனென்ட் டிரைவர் என்றால் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் அடக்கி வாசிப்பார்கள். அவன் நாளைக்கும் வருவான். சமையல்காரம்மாவிடம் சொல்வான், பக்கத்து வீட்டு டிரைவரிடம் சொல்வான், தெருவெல்லாம் பரவும். ஆக்டிங் டிரைவர் இன்று வந்து இன்றே போகிறவன். பெயர்கூடத் தெரியாது. "டிரைவர், லெஃப்ட் எடுங்க" என்பதோடு சரி. அதனால் பின்சீட்டில் எதை வேண்டுமானாலும் பேசுவார்கள். போதாக்குறைக்கு இப்போது பெரும்பாலான வண்டிகளில் ப்ளூடூத் வந்துவிட்டது. பாக்கெட்டில் கிடக்கிற போன் தானாகவே வண்டியோடு சேர்ந்துகொள்கிறது. மாமியார் கூப்பிட்டாலும் சரி, மேனேஜர் கூப்பிட்டாலும் சரி, நாலு ஸ்பீக்கரிலும் கணீரென்று வருகிறது. காதைப் பொத்திக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்க முடியாதே.

வேளச்சேரியில் ஏறினதிலிருந்து வடபழனி வரைக்கும் ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை. நகை அடகு வைத்த விஷயம். மண்டப கேட் தெரிந்ததும் அவர், "இறங்கும்போது கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இறங்கு" என்றார். அந்த அம்மா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். பொட்டைச் சரிபார்த்தார். கதவு திறந்ததும், "அடடே, எப்ப வந்தீங்க அத்தை?" என்று யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த அத்தையை அவருக்கு நிஜமாகவே பிடித்திருக்கலாம்.

மண்டபத்துக்கு வெளியே டிரைவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்தால் பேச்சு இந்தப் பக்கம்தான் வரும். நமக்குக் கடைசிப் பந்தி. அதுவரைக்கும் வேலை இல்லை. "வெளியில பார்த்தா பெரிய மனுஷன், உள்ள ஒண்ணுமில்ல", "அந்தம்மா டிவியில பேசுறதப் பார்த்திருக்கியா, வீட்டுல வேற ஆளு" என்று ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். எல்லாரும் வேஷதாரிகள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போவோம். ரொம்ப நாள் நானும் அந்தக் கட்சிதான். இப்போது அப்படி இல்லை. வெளியே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கிறவர்கள் ரொம்பக் கம்மி, அது நிஜம். ஆனால் இரண்டும் வேறு என்று கண்டுபிடித்துவிட்டால் மட்டும் அந்த ஆளைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது. வெளியே அந்த முகத்தைக் காட்ட ஒரு செலவு ஆகிறது. அந்தச் செலவை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அவரே கட்டுகிறாரா, வீட்டில் இருக்கிறவர்கள் கட்டுகிறார்களா, இல்லை யாரோ ஊர் பேர் தெரியாதவன் கட்டுகிறானா?

ஒரு பேச்சாளரை அடிக்கடி வெளியூர் கூட்டிப் போயிருக்கிறேன். கல்லூரி ஆண்டு விழா, ஊர்த் திருவிழா என்று மாதம் முழுக்க ஓடுவார். தாம்பரம் தாண்டினதும் கண்ணை மூடிக்கொள்வார். பரனூர் டோல் போகும், ஆத்தூர் டோல் போகும், விக்கிரவாண்டி டோல் போகும், ஒரு வார்த்தை வராது. பக்கத்தில் ஒரு பிளாஸ்கில் வெந்நீர். உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் எழுந்து அதில் ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். மேடை ஏறினால் வேற ஆள். இரண்டு மணி நேரம் கூட்டத்தைச் சிரிப்பால் உருட்டி எடுப்பார். நானும் பின்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். "வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் சிரிச்சுப் பேசுங்கய்யா, பாதி வியாதி போயிடும்" என்பார். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

அப்படி ஒரு கூட்டம் முடிந்து திரும்பும்போது நள்ளிரவு. வீட்டிலிருந்து போன். ஸ்பீக்கரில் அந்த அம்மா, "சாப்பிட்டீங்களா?" "ம்." "கூட்டம் நல்லா இருந்துச்சா?" "ம்." "நாளைக்குக் காலையில பிளம்பர் வர்றான், நீங்க இருப்பீங்களா?" "ம்." கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "ஊர்க்காரங்களுக்குச் சிரிச்சதுல எனக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கக் கூடாதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவர் அவசரமாக, "டிரைவர் இருக்கார்ம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

இந்தக் கதையை மற்ற டிரைவர்களிடம் சொன்னால் "டுபாக்கூர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மேடையில் அவர் பொய் பேசவில்லை. பத்து நிமிஷம் சிரித்துப் பேசினால் நல்லது என்பது அவருக்கு நிஜமாகவே தெரியும். இரண்டு மணி நேரம் அப்படிப் பேசிவிட்டு இறங்குகிற மனுஷனுக்குத் தொண்டையும் இருக்காது, தெம்பும் இருக்காது. அதில் பாதிச் செலவு அவர் உடம்பிலிருந்து போகிறது. மீதிப் பாதியை அந்த அம்மா கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டாவது பாதிக்கு ரசீது கிடையாது.

அவருக்கு நேர் எதிராக ஒருவர். ஃபைனான்ஸ் வைத்திருந்தார். குட்டி யானை, ஆட்டோ, பழைய டிராக்டர் இவற்றுக்குக் கடன் கொடுப்பார். வேலூர்ப் பக்கம் வசூலுக்குப் போகும்போது கூப்பிடுவார். என்னை அவ்வளவு மரியாதையாக நடத்தின ஓனர்கள் குறைவு. ஹோட்டலில் தனியாக உட்கார விடமாட்டார். "இங்க வா தம்பி, ஒண்ணா சாப்பிடலாம்" என்று தன் டேபிளுக்கே கூப்பிடுவார். ராத்திரி தங்கினால் எனக்கும் ரூம் போடுவார். பல பெரிய வீட்டு ஆட்கள் டிரைவரை வண்டியிலேயே படுக்கச் சொல்லிவிட்டு ஏசி ரூமுக்குப் போவதைப் பார்த்தவனுக்கு இது பெரிய விஷயம். சர்வருக்கு டிப்ஸ் வைப்பதிலும் தாராளம்.

அதே மனுஷன் போனில் ஒருவனை அவன் அம்மாவரைக்கும் இழுத்துத் திட்டுவார். ஒரு நாள் கடன் வாங்கினவன் எடுக்கவில்லை, அவன் பெண்டாட்டி எடுத்தாள். "வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லி ஆளனுப்பிட்டேன். இனிமே உன் புருஷன் எதுல லோடு அடிப்பான், உன் புள்ளைங்க என்ன சாப்பிடும், அதெல்லாம் எனக்கென்ன?" அந்தப் பெண் அழுவது நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. போனை வைத்தார். ஜன்னலை இறக்கி எச்சில் துப்பினார். "தம்பி, உனக்கு ரெண்டு பசங்கன்னு சொன்னே இல்ல, பெரியவன் என்ன படிக்கிறான்?" என்றார். குரலில் அக்கறை இருந்தது. அதுவும் நடிப்பில்லை.

ஒருவரின் நிஜ குணம் தெரிய வேண்டுமென்றால் ஹோட்டல் சர்வரிடம், வாட்ச்மேனிடம், டிரைவரிடம் எப்படி நடக்கிறார் என்று பார் என்பார்கள். அந்தச் சோதனையில் இந்த ஆள் நூற்றுக்கு நூறு. என்னிடம் நல்லவனாக இருக்க அவருக்கு ஆகிற செலவு ஒரு பரோட்டா, ஒரு ரூம். அவர் பணம் மாட்டியிருக்கிற இடத்தில் அவர் யார் என்பது வேறு கதை. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: நமக்கும் ஒருவருக்கும் என்ன சம்பந்தம் வரப் போகிறதோ, அதே சம்பந்தத்தில் ஏற்கெனவே இருந்தவரைத்தான் கேட்க வேண்டும். கடன் வாங்கப் போகிறீர்களா, கடன் வாங்கித் தவணை தவறினவனைக் கேளுங்கள். வாடகைக்குப் போகிறீர்களா, காலி செய்தவரிடம் அட்வான்ஸ் எப்போது திரும்பி வந்தது என்று கேளுங்கள். வேலைக்குச் சேரப் போகிறீர்களா, விட்டுப் போனவனுக்குக் கடைசி மாதச் சம்பளம் வந்ததா என்று விசாரியுங்கள். டிரைவரைக் கேட்டால் டிரைவருக்குத் தெரிந்ததைத்தான் சொல்வான்.

ஒரு பேராசிரியை அம்மா இருந்தார். பின்சீட்டில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே வருவார். பெருங்களத்தூரில் வண்டி நகராமல் நின்ற ஒரு நாள், எனக்கும் பேச்சு வந்துவிட்டது, இந்தப் ஃபைனான்ஸ்காரர் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் 1930களின் தொடக்கத்தில் லாபியர் என்ற பேராசிரியர் ஒரு சீனத் தம்பதியோடு காரில் நாடு முழுக்கச் சுற்றியிருக்கிறார். அங்கே அப்போது சீனர்கள் மேல் பயங்கர வெறுப்பு. ஹோட்டல், லாட்ஜ் என்று 251 இடங்களில் ஏறி இறங்கியதில் ஒரே ஒரு இடத்தில்தான் இடமில்லை என்றார்களாம். சில மாதம் கழித்து அதே இடங்களுக்கு, "உங்கள் கடையில் சீனர்களை விடுவீர்களா?" என்று கடிதம் போட்டிருக்கிறார். பதில் வந்தது 128 பேரிடமிருந்து. அதில் 100க்கு 90 பேருக்கு மேல் விடமாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். 1934இல் அந்தக் கட்டுரை வந்தது.

டிரைவர்களாகிய எங்களுக்கு, வெளியே நல்லவன் உள்ளே கெட்டவன் என்பது ஒன்றுதான் கணக்கு. வாயால் கெட்டவன், ஆள் நேரில் வந்து நின்றால் கதவைத் திறந்துவிடுகிறவன் என்று ஒரு வகை இருப்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். அப்புறம் பார்த்தால் நானே அப்படிப் பலரை ஓட்டியிருக்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சாதியையோ மதத்தையோ கிழி கிழியென்று கிழித்துக்கொண்டே வருவார்கள். வழியில் அதே சாதிக்காரர், அதே மதத்துக்காரர் வண்டி பஞ்சராகி நின்றால், "நிறுத்து தம்பி, ஜாக்கி இருக்கான்னு கேளு" என்பார்கள். இதனால் அந்த வாட்ஸ்அப் பேச்சு பரவாயில்லை என்று ஆகிவிடாது. ஃபார்வர்டு ஆகி ஃபார்வர்டு ஆகி அது போய் விழுகிற இடத்தில், ஜாக்கி கொடுக்க இவர் இருக்கமாட்டார்.

அந்தப் பேராசிரியை அம்மா சொன்ன இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆர்லி ஹோக்‌ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். விமானப் பணிப்பெண்கள், கடன் வசூலிக்கிறவர்கள் இரண்டு பேரையும் அதில் ஆராய்ந்திருக்கிறார். ஒருவருக்குச் சிரிப்பதற்குச் சம்பளம், இன்னொருவருக்கு முறைப்பதற்குச் சம்பளம். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே ஒன்றைக் காட்டுவதும் ஒரு உழைப்பு, மூட்டை தூக்குவது மாதிரி அதற்கும் உடம்பில் அலுப்பு உண்டு என்கிறார். கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது கேட்டரிங் நடத்துகிற ஒரு அம்மாதான்.

அவர் வீட்டுக்காரர் இறந்து முப்பதாம் நாள்கூட ஆகவில்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கல்யாண ஆர்டர்கள் இருந்தன. கோயம்பேடு மார்க்கெட்டுக்கும் மண்டபங்களுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். கண்ணாடியில் பார்த்தால் வெளியே வெறித்தபடி உட்கார்ந்திருப்பார். போன் அடிக்கும். உடனே எடுக்கமாட்டார். ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், தொண்டையைச் செருமிக்கொள்வார், முந்தானையை இழுத்துச் சரி செய்வார். எதிரில் யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் சரி செய்வார். நாலாவது ரிங்கில் எடுத்து, "வணக்கம்மா, சொல்லுங்க! பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுல காசி அல்வாதான் வேணும்னு சொன்னாங்களா? அசத்திடலாம்!" என்பார். குரலில் அவ்வளவு சந்தோஷம். வைத்ததும் தலை பின்னால் சாய்ந்துவிடும். பத்து நிமிஷத்தில் அடுத்த போன். மறுபடியும் தண்ணீர், செருமல், முந்தானை.

இதுவும் இரண்டு முகம்தான். இதை வேஷம் என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெண் கல்யாணம் பேசுகிற வீட்டுக்குத் தன் துக்கத்தை அனுப்பக் கூடாது என்று அந்த அம்மா தானே முழுச் செலவையும் கட்டிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு யோசனை உண்டு. "உங்களைப் பார்த்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கே!" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருவர் அப்படிச் சொல்லி, வண்டிக்குள் வந்தபின் அந்தக் கேட்டரிங் அம்மா அழுததை நான் பார்த்திருக்கிறேன். முடிந்தால் அடுத்த இரண்டு போனை நீங்கள் எடுத்துப் பேசுங்கள். அவர் பையன் ஒரு நாள் அப்படிச் செய்தான். அன்றைக்கு அவர் கத்திப்பாராவிலிருந்து வீடு வரைக்கும் தூங்கிக்கொண்டே வந்தார்.

டிரைவர் வேலையில் வெயிட்டிங்தான் பாதி. நான் பார்க்கிங்கில் புத்தகம் படிப்பேன். காந்தியின் சத்திய சோதனையை அப்படித்தான் படித்து முடித்தேன். அதில் டர்பனில் நடந்த ஒரு சம்பவம் வருகிறது, 1898 வாக்கில். அவர் வீட்டில் குமாஸ்தாக்கள் கூடவே தங்கியிருந்தார்கள். ஒவ்வொரு அறையிலும் சிறுநீர்ச் சட்டி. எல்லா வேலையும் எல்லாரும் செய்ய வேண்டும் என்பது இவர் கொள்கை. ஒரு குமாஸ்தா பஞ்சமர் குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த கிறித்துவர். அவருடைய சட்டியைக் கஸ்தூரிபா கண்ணீரோடு எடுத்துக்கொண்டு படியிறங்குகிறார். காந்திக்கு அது போதவில்லை, முகம் மலர்ந்து செய்ய வேண்டும் என்கிறார். வாக்குவாதம் முற்றி, மனைவியின் கையைப் பிடித்து கேட்வரைக்கும் இழுத்துப் போய் வெளியே தள்ளப் பார்க்கிறார். இந்த ஊரில் எனக்கு அப்பா அம்மா இருக்கிறார்களா, நான் எங்கே போவேன் என்று அந்த அம்மா கேட்ட பிறகுதான் அவருக்கு வெட்கம் வருகிறது.

இதை எழுதி வைத்திருப்பது வேறு யாருமில்லை, அவரேதான். அதுதான் எனக்கு ஆச்சரியம். யாரும் தீண்டத்தகாதவர் இல்லை என்ற கொள்கை எவ்வளவு பெரியது! கஸ்தூரிபாவிடம் இருந்தது சாதிப் புத்திதான், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் கொள்கைக்கு அன்றைக்குக் கை வலிக்க இழுபட்டவர் அவர்தான். கொள்கை சரியாக இருந்தாலும், அதன் செலவைக் கேட்காமலே பக்கத்தில் இருக்கிறவர் தலையில் வைக்கலாமா என்பது தனிக் கேள்வி. பெரியாரோடு பழகினவர்கள் சொல்வது இன்னொரு தினுசு. மேடையில் அப்படிப் போட்டு உடைக்கிறவர், நேரில் வயதில் சின்னப் பிள்ளைகளைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவாராம். அங்கேயும் மேடை வேறு, வீடு வேறு. ஆனால் அந்த வித்தியாசத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இனி, எல்லாருக்கும் பயன்படக் கூடிய விஷயத்துக்கு வருகிறேன். பெண் பார்க்கப் போகிற வண்டிகளை நிறைய ஓட்டியிருக்கிறேன். கும்பகோணத்துக்குப் போன ஒரு குடும்பம். போகும்போது பையனின் அம்மா, "நாம எதுவும் கேக்க வேண்டாம், 'உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது'ன்னு சொல்லிட்டா அவங்களே கூடப் போடுவாங்க" என்றார். அப்பா தலையாட்டினார். பையன் ஹெட்போன் மாட்டியிருந்தான். அங்கே போய் அதே வார்த்தையை அதே ராகத்தில் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் மாமா ஒரு டம்ளர் காபியோடு என்னிடம் வந்தார். "எந்த ஊர் தம்பி?" என்று ஆரம்பித்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எப்படி?" என்றார்.

நான் என்ன சொல்ல முடியும்? வண்டியில் கேட்டதைச் சொன்னால் தொழில் போச்சு. நல்லவங்க என்று சொன்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை. "நான் இன்னிக்கு ஒருநாள் வந்திருக்கிற ஆக்டிங் டிரைவர்ங்க" என்றேன். அவர் முகம் தொங்கிவிட்டது. பாவமாக இருந்தது. "வீடு எங்கன்னு விசாரிச்சு, அங்க அயர்ன் பண்றவரைப் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

அயர்ன் வண்டிக்காரரை ஏன் சொன்னேன் என்றால், எல்லா வீட்டிலிருந்தும் அவருக்குச் சின்னச் சின்னக் காசு வர வேண்டியிருக்கும். மாசக் கணக்கில் நூறும் இருநூறும் பாக்கி நிற்கும். அந்தச் சின்னக் காசை ஒரு வீடு எப்படிக் கொடுக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், அதே அபார்ட்மென்டில் முன்பு செகரட்டரியாக இருந்தவர், இவர்களும் அப்படித்தான். ஆனால் "எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால் எவரும் வாயைத் திறக்கமாட்டார். "நல்ல மாதிரிதாங்க" என்ற பதிலுக்கு ஒரு பைசா மதிப்பில்லை. கேள்வியைச் சின்னதாகக் கேட்க வேண்டும். காசு எந்தத் தேதிக்கு வரும்? துணியில ஒரு கறை பட்டுட்டா என்ன சொல்வாங்க? வீட்டுல சத்தம் வருமா, யார் சத்தம் வரும்? வேலைக்காரம்மா எத்தனை மாசத்துக்கு ஒருதடவை மாறுவாங்க? இதற்கெல்லாம் பதில் தானாக வந்துவிடும், சொல்கிறவருக்கும் பழி சொன்ன உறுத்தல் இருக்காது. முக்கியமாக, அந்த வீட்டில் பேசாமல் இருக்கிறவர் யார் என்று பாருங்கள். வழியெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வந்த அந்தப் பையன் கெட்டவனில்லை. அம்மா பேசினதற்கு அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாளைக்கு அந்தப் பெண் பேச வேண்டியது அந்த ஹெட்போனோடுதான்.

கோபத்தில்தான் ஒருவரின் சுயரூபம் வெளிவரும் என்பதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. பண்டிகைக்கு முதல் நாள் ராத்திரி ஜிஎஸ்டி ரோட்டில் மாட்டிக்கொண்டு, எழும்பூரில் ரயில் கிளம்பப் போகிறது என்றால் புத்தருக்கும் பதற்றம் வரும். பசியிலும் அவசரத்திலும் வருகிற வார்த்தை, ஒருவரின் பொறுமை எங்கே முடிகிறது என்பதைக் காட்டும். குணம் தெரிய அதற்கடுத்த அரைமணி நேரத்தைப் பாருங்கள். ஒரு ஐடி பையன் ரயிலை விட்டுவிட்டு, நான் போன ரூட்டைச் சொல்லி என்னைக் கண்டபடி கத்தினான். எனக்கு முகம் சிவந்துவிட்டது. கத்தி முடித்து ஸ்டேஷன் வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்புறம் வந்து, "அண்ணே, மேப் பார்த்து அந்த ரூட்ல போகச் சொன்னது நான்தான். உங்க மேல தப்பில்ல" என்றான். மன்னிப்பு என்ற வார்த்தையே வரவில்லை. யார் சொன்ன ரூட் என்று சரியாகச் சொன்னான் பாருங்கள், அது போதும் எனக்கு. கத்தவே கத்தாமல், மெல்லிய குரலில், "பரவால்ல டிரைவர்" என்று சொல்லிவிட்டு, ஏஜென்சிக்குப் போன் போட்டு அன்றையக் காசைப் பிடிக்கச் சொன்னவர்களும் உண்டு.

என் கதையைக் கேட்டால், வண்டிக்குள் நான் "சரிங்க சார்", "ஓகே மேடம்". டீக்கடையில் என் வாய் வேறு. வீட்டில் அதிகம் பேசமாட்டேன் என்று என் சம்சாரம் சொல்லும். நாள் முழுக்க அடக்கின வாயை வீட்டுக்குப் போய்த் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாததால், தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போவேன். பல டிரைவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. கடையில் நிற்கிறவர்கள், ஆசிரியர்கள், கஸ்டமர் கேரில் பேசுகிறவர்கள் யாரானாலும் செய்து பார்க்கலாம். வேலை முகத்தைக் கழற்ற ஒரு இடம் வேண்டும், அந்த இடம் வீட்டுக்காரம்மாவாக இருக்கக் கூடாது. அந்தப் பேச்சாளர் ஐயாவுக்கும் இதைச் சொல்லலாம் என்று பல தடவை நாக்கு நுனிவரைக்கும் வந்திருக்கிறது. அவர் வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு வருவதே அதற்குத்தானோ என்னவோ என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் வண்டி வைத்திருப்பவராக இருந்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை. ஆக்டிங் டிரைவர் ஏறும்போது போனில் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள்.  அதோடு சில வண்டிகளில் ஸ்கிரீனில் பழைய கால் லிஸ்ட் அப்படியே நிற்கும். யார் யாருக்கு எத்தனை மணிக்குப் போன் போட்டீர்கள் என்று பெயரோடு காட்டும். நாங்கள் பார்க்கமாட்டோம். ஆனால் சர்வீஸுக்கு விடும்போது அங்கே இருக்கிற பையன்கள் பார்ப்பார்கள். செட்டிங்ஸில் போய் உங்கள் போனை டெலீட் செய்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.